மேனேஜரின் வலது பின்னங்காலும் ஒரு ஜாம் மூடியும்

லாடக்காரரை அவர் மனைவி பழக்கிவிட்டாள் என்பதுதான் செய்தி. சொன்னவர் எங்கள் தெரு சலூன்காரர். அவர் சொல்லும் செய்திகளுக்கு இதுவரை மறுப்பு வந்ததில்லை. கழுத்தில் கத்தி இருக்கும்போது யார் மறுப்பார்கள்?

"எதிர் மாடி மூடியக்கா இருக்காங்கல்ல சார்," என்றார், என் இடது கன்னத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டே. "ஒரு ஜாம் பாட்டில் மூடி வச்சிருக்காங்க. நடுவுல அமுக்கினா டக்குனு சத்தம் வரும். லாயத்துல அதை வச்சுக் குதிரையைப் பழக்கினாங்க. இப்ப வீட்டுக்காரரையும் பழக்கிட்டாங்க. டக்குனா எழுந்து நடக்கிறார். டக்குனா பாத்திரம் கழுவுறார்."

"நீங்க பார்த்தீங்களா?"

"என் ரெண்டு கண்ணாலயும். கண்ணாடியில."

அந்தச் சலூனின் பெரிய கண்ணாடி கொஞ்சம் சாய்வாக மாட்டியிருக்கும். அதில் நம் முகத்துக்குப் பின்னால் வாசல், வாசலுக்குப் பின்னால் தெரு, தெருவுக்கு அப்பால் எதிர் மாடியின் சமையலறை ஜன்னல், எல்லாம் ஒழுங்காகத் தெரியும். சாய்வு தற்செயலானது என்கிறார் சலூன்காரர். நானும் நம்புகிறேன். காது அவர் கையில் இருந்தது.

செய்தி இரண்டே நாளில் தெருவைச் சுற்றி வந்தது. மளிகைக் கடையில் மூன்று பெண்கள் ஜாம் வாங்கினார்கள். அதில் ஒருவர் வீட்டில் ஜாமைத் தொடும் ஆளே கிடையாது. ஆண்கள் பக்கம் வேறு மாதிரி. பேனாவைத் திறக்கும் சத்தத்துக்கே சிலர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி உட்கார்ந்தார்கள். வெளியூரில் கல்யாணமாகிப் போன லாடக்காரரின் மகளுக்கே விஷயம் போய்விட்டது. அவள் போனில் கேட்டது இதுதானாம்: "அம்மா, அந்த மூடி எனக்கும் ஒண்ணு அனுப்பேன்."

ஆறடி உயரம், கதவு நிலையை அடைக்கிற தோள், குதிரையின் காலைத் தொடை நடுவே இடுக்கிக்கொண்டு ஆணி அடிக்கிற மனிதர். அவரைப் போய் ஒரு ஜாம் மூடி ஆட்டி வைக்குமா? விசாரித்துவிடுவது என்று கிளம்பினேன். பாதி முகம் சவரமாகியிருந்ததால் மீதியை முடித்துக்கொண்டுதான்.

*

முதலில் மூடியக்கா யார் என்று சொல்லிவிட வேண்டும். வயது ஐம்பத்திரண்டு. பேச்சு கம்மி. ஆனால் பேசுகிற கொஞ்சத்துக்கும் முனை இருக்கும். பதினெட்டு வருஷம் ஊர் எல்லையில் இருக்கும் ஜாம் கம்பெனியில் வேலை பார்த்தவர். என்ன வேலை என்றால், பெல்ட்டில் பாட்டில் வரும். மூடியின் நடுவில் கட்டை விரலால் ஒரு அமுக்கு. மூடி அசையாமல் இருந்தால் காற்றுப் புகவில்லை, பாட்டில் நல்லது, போகட்டும். டக்கென்று சத்தம் வந்தால் உள்ளே காற்று இருக்கிறது, அது கழிவு, எடுத்து ஓரம் வை. நிமிஷத்துக்கு நாற்பது பாட்டில். தும்மல் வந்தால் பெல்ட் நிற்காது, அதனால் தும்மலைத்தான் நிறுத்தி வைக்க வேண்டும்.

பிறகு ஒரு கேமரா வந்தது. அது தும்முவதில்லை. அக்காவை ஒரு கைகுலுக்கலோடும் ஒரு அட்டைப்பெட்டி ஜாமோடும் வீட்டுக்கு அனுப்பினார்கள். இருபத்திநாலு பாட்டில்.

"வருத்தமா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? பதினெட்டு வருஷமா நான் கேட்ட டக்கு எல்லாம் 'இது வேணாம், இது வேணாம்'னுதான். கனவுலகூட கழிச்சுக்கிட்டே இருப்பேன். கல்யாண வீட்டுல யாராவது விரல் சொடக்கினா, இவரு தேறமாட்டாருன்னு தோணும்."

வேலை போன மாதமே லாடக்காரர் அவரைக் குதிரை லாயத்துக்கு அழைத்துப் போனார். ஊர்ப் பிள்ளைகள் குதிரையேற்றம் கற்றுக்கொள்கிற இடம். பதினோரு குதிரை. ஒரு நீளமான ஓட்டுக் கட்டடம், நடுவில் நடைபாதை, இரண்டு பக்கமும் அரைக் கதவு போட்ட அறைகள். லாடக்காரர் அங்கே இருபது வருஷமாக வந்துபோகிறவர். சாணம் அள்ள, தண்ணீர் மாற்ற, வைக்கோல் போட ஆள் தேவை என்று முதலாளியம்மா கேட்டதும் மனைவியைச் சொன்னார். அக்காவும் மண்வெட்டியைப் பிடித்தார். குதிரைகளைப் பற்றி அப்போது அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எந்தப் பக்கத்திலிருந்து அள்ள வேண்டும் என்பது.

அந்தப் பதினொன்றில் ஒன்றுதான் மேனேஜர். நல்ல காப்பிக் கொட்டை நிறம், நெற்றியில் விரல் வைத்துத் தேய்த்த மாதிரி ஒரு வெள்ளை. வரும்போது நீளமாக ஒரு பெயரோடு வந்தது. யார் வாயிலும் நுழையவில்லை. கூப்பிட்டால் வராது, வந்தால் நிற்காது, எந்த வேலையும் செய்யாது, ஆனால் அதைத் தாண்டி எந்த வேலையும் நடக்காது. பெயர் தானாக ஒட்டிக்கொண்டது. மற்ற குதிரைகளை 'அது' என்பவர்கள்கூட மேனேஜரை 'அவர்' என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன், எதற்கு வம்பு.

அக்காவுக்கும் மேனேஜருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒத்துப்போயிற்று. அறையை அக்கா கூட்டும்போது மேனேஜர் ஒதுங்கி நிற்பார். கூட்டி முடித்ததும் தன் தாடையை அக்காவின் தோள் மேல் வைத்து ஒரு பெருமூச்சு விடுவார். "எங்க வீட்டு ஆளு இருபத்தெட்டு வருஷத்துல ஒருநாள் கூட, 'கூட்டிட்டியா, நல்லாருக்கு'ன்னு சொன்னதில்ல. இது தினம் சொல்லுது," என்பார் அக்கா. லாடக்காரரிடம் இதைச் சொன்னபோது, "அது தோள்ல வச்சது பத்துக் கிலோ தலை. நான் வச்சா சும்மா விடுவியா?" என்று கேட்டார்.

*

பிரச்சினை காலில் வந்தது.

குதிரைக் குளம்பு நம் நகம் மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும். ஆறு வாரம், மிஞ்சினால் எட்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்டி, அரம் போட்டுத் தேய்க்க வேண்டும். மேனேஜர் முன்னங்கால்களைக் கொடுப்பார். இடது பின்னங்காலை முணுமுணுத்துக்கொண்டு கொடுப்பார். வலது பின்னங்கால் மட்டும் தலைகீழாக நின்றாலும் கிடையாது. முன்பு இருந்த இடத்தில் அந்தக் காலைக் கட்டி இழுத்திருக்க வேண்டும் என்பது கால்நடை டாக்டரின் ஊகம். மேனேஜரைக் கேட்டால் சொல்வாரா?

லாடக்காரர் வழக்கப்படி ஒருநாள் அந்தக் காலைப் பிடித்தார். வழக்கப்படி என்பதில் தம்பதிக்குள் கருத்து வேற்றுமை உண்டு.

"நான் ஒண்ணும் பண்ணல. எப்பவும் பிடிக்கிற மாதிரிதான் பிடிச்சேன்," என்றார் அவர்.

"எப்பவும் பிடிக்கிற மாதிரின்னா," என்று அக்கா எனக்கு விளக்கினார், "மூக்குல கயித்தைப் போட்டு முறுக்கணும். காலை வெடுக்குனு தூக்கணும். தூக்கும்போது அதோட அப்பா அம்மாவைப் பத்தி நாலு வார்த்தை சொல்லணும்."

"அது தொழில் பாஷை."

"அதுக்கும் தொழில் பாஷை தெரிஞ்சிருந்துச்சு."

உதை தொடையில் விழுந்தது. மூன்று வாரம் படுக்கை. அந்த மூன்று வாரமும் அவர் குதிரையைத் திட்டியது ஒரு பங்கு என்றால், குதிரையைக் கொண்டாடிய மனைவியைத் திட்டியது இரண்டு பங்கு. எழுந்து நடந்ததும் முதல் வேலையாக முதலாளியம்மாவிடம் போய், மேனேஜர் பக்கம் இனி வர முடியாது என்று சொல்லிவிட்டார். பக்கத்து ஊரிலிருந்து வேறொரு லாடக்காரரை வரவழைத்தார்கள். அவர் வந்து, மேனேஜரை அரைக் கதவுக்கு வெளியிலிருந்து பார்த்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார். பஸ் வர ஒன்றரை மணி நேரம் இருந்தது.

நாலு மாதம் ஓடியது. குளம்பு நீண்டு முன்பக்கம் வளைந்தது. ஓரத்தில் ஒரு கீறல் கிளம்பி மேலே ஏற ஆரம்பித்தது. கால்நடை டாக்டர் குனிந்து பார்த்தார், தொடவில்லை. கீறல் மேல் விளிம்பைத் தொட்டால் மேனேஜர் நொண்டியாகிவிடுவார், இன்னும் ஒரு மாதம் தாங்கலாம் என்றார். மயக்க ஊசி போட்டு வெட்ட முடியாதா என்று முதலாளியம்மா கேட்டார். போன தடவை அரை ஊசிக்கே மேனேஜர் விழுந்து, எழுந்திருக்க ஒரு பகல் ஆனதை டாக்டர் மறக்கவில்லை. இன்னொரு தடவை போட்டால் எழுந்திருப்பாரா என்பதற்குத் தன்னால் உறுதி தர முடியாது என்றார்.

முதலாளியம்மா நல்லவர். அதனால் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம். இல்லைன்னா அனுப்பிட வேண்டியதுதான்." எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நொண்டிக் குதிரையை யாரும் சவாரிக்கு வாங்குவதில்லை என்பது லாயத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் கூட்டி முடித்ததும் தாடை தோளுக்கு வந்தது. பெருமூச்சும் வந்தது. அக்கா மண்வெட்டியை வைத்துவிட்டு, வண்டி ஏறப் போன டாக்டரை வழிமறித்தார்.

"வேற வழியே இல்லையா டாக்டர்?"

டாக்டர் தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். எங்கோ ஒரு பெண், கையில் சின்னப் பெட்டி. குதிரை காலை லேசாக நகர்த்துகிறது. பெட்டி டக்கென்கிறது. உடனே ஒரு துண்டு கேரட். கொஞ்சம் தூக்குகிறது, டக், கேரட். கயிறு இல்லை, கத்தல் இல்லை. கடைசியில் குதிரை தானாகவே காலைத் தூக்கி அந்தப் பெண்ணின் கையில் வைக்கிறது.

"இந்தச் சத்தத்துக்கு அர்த்தம், 'இதோ இப்ப செஞ்சியே, அதுதான் சரி'," என்றார் டாக்டர். "வேற ஒண்ணுமில்ல. மூணே விதி. சத்தம் வந்தா உடனே தீனி. சத்தம் தப்பா வந்துட்டாலும் தீனி. தீனி இல்லைன்னா சத்தமே கூடாது. ஒரு தடவை ஏமாத்தினாலும் சத்தத்துக்கு மதிப்புப் போயிடும். ஆனா கஷ்டம் என்னன்னா, சரியான நொடியில அமுக்கணும். அரை நொடி தள்ளிப்போனா வேற எதையோ கத்துக் கொடுத்துடுவீங்க. எல்லாருக்கும் அந்த விரல் வராது."

அக்கா தன் கட்டை விரலைப் பார்த்தார். வீட்டில் பதினேழு பாட்டில் ஜாம் பாக்கி இருந்தது.

*

முதல் நாள் அரைக் கதவுக்கு வெளியே நின்று டக், ஒரு துண்டு கேரட். டக், ஒரு துண்டு. மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் ஆட்சேபம் இல்லை. முப்பதாவது துண்டில் சத்தம் கேட்டதும் இரண்டு காதும் முன்னால் வந்தன. புரிந்துவிட்டது. உடனே அவர் நேரடியாக அக்காவின் பையிலேயே மூக்கை விட்டார். அக்கா கொடுக்கவில்லை. தள்ளவும் இல்லை. மேனேஜர் அலுத்துப்போய் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார். டக். அரை மணி நேரத்தில் அவர் ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்துவிட்டார்: முகத்தைத் திருப்பிக்கொண்டால் கேட்டது கிடைக்கும். நம் மாப்பிள்ளைகள் பலர் இதை எந்தச் சத்தமும் இல்லாமலே கண்டுபிடித்தவர்கள்.

லாடக்காரர் தூரத்தில் மற்றக் குதிரைகளுக்கு அரம் போட்டுக்கொண்டே பார்த்தார். "கேரட் கொடுத்துக் கெடுக்கிறே. நாளைக்கு கேக் கேட்கும்."

"கேட்டா கொடுப்பேன். உதைக்காம கேட்குதுல்ல."

அடுத்தது கால். ஒரு நீளத் துடைப்பக் கட்டையின் முனையில் பழைய கையுறையில் துணி அடைத்துக் கட்டினார். தள்ளி நின்று, அந்தப் பொய்க் கையால் வலது பின்னங்காலைத் தொட வேண்டும். கால் அசையாமல் இருக்கும் நொடியில் டக். இதுதான் திட்டம். தொட்டார். கால் அசையாமல் இருந்தது. கட்டை விரல் அரை நொடி யோசித்தது. அதற்குள் மேனேஜர் ஒரு உதை விட்டார். உதை காற்றில் இருக்கும்போது மூடி டக்கென்றது.

தப்பான டக்குக்கும் தீனி உண்டு. விதி. கொடுத்தார்.

மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவு நாள் எல்லோரும் திட்டிய உதையைத்தான் இந்தம்மா கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டார். இரண்டு நாள் அருமையான உதைகள். ஒவ்வொன்றுக்கும் பிறகு கழுத்தைத் திருப்பி, எப்படி என்பது போல ஒரு பார்வை.

"நல்லாத்தான் பழக்கியிருக்கே," என்றார் லாடக்காரர். "என்னை ஓசியில உதைச்சுது. இப்ப சம்பளம் வாங்கிக்கிட்டு உதைக்குது."

அது அக்காவுக்கு உறைத்தது. ஏன் தவறியது என்று யோசித்தார். கம்பெனியில் விரல்தான் முதலில் போகும், சத்தம் பிறகு வரும், கண்ணுக்கு வேலையே இல்லை. இங்கே கண் பார்த்த நொடியில் விரல் போக வேண்டும். பாட்டில் ஒரே சீராக வரும். குதிரை பெல்ட்டில் வராது.

அன்று வீட்டில் கணவரைச் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே நடக்கச் சொன்னார். அவர் இடது கால் தரையில் படும் நொடியில் டக். "எதுக்கு?" என்றார் அவர். "சும்மா நடங்க. ஆஸ்பத்திரி டாக்டரே தொடைக்கு நடக்கணும்னு சொல்லியிருக்காரு." அவர் நடந்தார். வேகமாக, மெதுவாக, நடுவில் நின்று ஏமாற்றி, திரும்பி. மூன்று நாளில் ஒரு அடிகூடத் தவறவில்லை.

சலூன்காரரின் கண்ணாடி 'டக்குனா எழுந்து நடக்கிறார்' என்று கண்டது இதைத்தான். நடந்ததற்கு டக்கே தவிர, டக்குக்கு நடக்கவில்லை. கண்ணாடியில் எல்லாம் திருப்பித்தான் தெரியும் என்பதைச் சலூன்காரர் முப்பது வருஷத் தொழிலில் மறந்திருக்கக் கூடாது.

*

மூன்றாவது வாரம் மேனேஜர் காலைத் தூக்கினார். முதலில் பாரத்தை மட்டும் மாற்றினார், டக். பிறகு குதிகால் அளவு, டக். துடைப்பக் கட்டை சின்னதாகிக்கொண்டே வந்து ஒருநாள் இல்லாமல் போயிற்று. அக்காவின் சொந்தக் கை அந்தக் காலின் மேல் இருந்தது. சாணம் அள்ளப் போன பெண்மணி அந்த நீண்ட குளம்பைத் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, பத்து எண்ணி, மெல்லக் கீழே வைத்தார்.

மாசம் முடிய ஒன்பது நாள் பாக்கி. ஆனால் அக்காவுக்குக் குளம்பு வெட்டத் தெரியாது. வெட்டத் தெரிந்தவர் நாற்பதடிக்கு அப்பால், வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் வாங்களேன்."

"எனக்கு இன்னொரு தொடைதான் பாக்கி இருக்கு."

"நான் பக்கத்துல இருப்பேன்."

"அப்பவும் பக்கத்துலதான் இருந்தே. மண்வெட்டியோட."

இப்படிச் சொன்னாலும், தோல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வந்தார். மேனேஜர் ஏப்ரனைப் பார்த்தார். காது இரண்டும் பின்னால் படுத்தன. லாடக்காரர் காதைப் பார்த்தார். ஒரு அடி பின்னால் போனார். இவர் பின்வாங்குவதைப் பார்த்து மேனேஜர் கண்ணை உருட்ட, மேனேஜர் உருட்டியதைப் பார்த்து இவர் நின்ற இடத்திலேயே நின்றார். அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது, பழக்க வேண்டியது ஒரு ஆளை இல்லை என்று.

இரண்டுக்கும் நடுவே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கணவர் ஒரு அடி வைக்க வேண்டும். மேனேஜர் அசையாமல் நின்றால் டக், கேரட். இன்னொரு அடி. டக், கேரட். ஏழாவது அடியில் லாடக்காரர் நின்றார்.

"ஏம்மா, நானும்தானே அசையாம நின்னேன்?"

"அதனால?"

"இல்ல, கேட்டேன்."

மறுநாள் அக்காவின் வலது பையில் கேரட், இடது பையில் ஒரு பொட்டலம் வறுத்த வேர்க்கடலை. விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது என்று இருவருமே சொல்கிறார்கள். ஆனால் அக்கா ஒன்றைக் கவனித்தார். கணவர் குனியும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். அவர் மூச்சு நின்ற உடனே மேனேஜரின் காது பின்னால் போகிறது. இத்தனை வருஷமும் அவர் போட்ட சத்தமெல்லாம் அந்த மூச்சை விடுவதற்குத்தான் போல. எனவே அவர் குனிந்து, திட்டாமல், மூச்சை விட்ட நொடியில் டக். நீட்டிய கையில் ரெண்டு கடலை.

"அவமானமா இல்லையா?" என்று நான் லாடக்காரரைத் தனியாகக் கேட்டேன்.

அவர் யோசித்தார். "இருபது வருஷமா நான் செஞ்சதுல எது தப்புன்னு ஊரே சொல்லியிருக்கு. எது சரின்னு அந்த நொடியிலேயே சொன்னது இவதான்," என்றார். பிறகு, எழுதிக்கொள்ளப் போகிறேன் என்று பார்த்ததும், "கடலையும் நல்ல கடலை," என்று சேர்த்துக்கொண்டார்.

*

மாசத்தின் கடைசி வியாழக்கிழமை காலை. முதலாளியம்மா நடைபாதையின் அந்தக் கோடியில் நின்றார், கையைக் கட்டிக்கொண்டு. டாக்டர் வந்திருந்தார். தன் வண்டியின் பின்கதவைத் திறந்தே வைத்திருந்தார், எதற்கும் இருக்கட்டும் என்று. மேனேஜர் அரைக் கதவுக்கு வெளியே, கட்டில்லாமல் நின்றார். கட்டினால் பயப்படுகிறார் என்பதால் கயிறு அக்காவின் முழங்கையில் சும்மா தொங்கியது.

லாடக்காரர் வந்தார். குறடு, அரம், ஏப்ரன். வந்தவர் முக்காலியில் இருந்த கடலைப் பொட்டலத்தை எடுத்து, ஒரு கை அள்ளிப் போட்டுக்கொண்டார். பிறகு இன்னொரு கை. அக்கா கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

முன்னங்கால் இரண்டும் முடிந்தன. இடது பின்னங்கால் முடிந்தது. ஒவ்வொன்றுக்கும் டக், ஒவ்வொன்றுக்கும் கேரட். மேனேஜர் நிதானமாக வாங்கிக்கொண்டார். அக்கா எதிர்பார்த்ததைவிட நேரம் ஆனதால் பையில் கேரட் குறைந்துகொண்டே வந்தது.

வலது பின்னங்கால். லாடக்காரர் பக்கத்தில் போய் நின்றார். உள்ளங்கையை மேனேஜரின் இடுப்பிலிருந்து கீழே, மெதுவாக, அக்கா செய்கிற மாதிரியே கொண்டுபோனார். மேனேஜர் காலைத் தூக்கினார். லாடக்காரர் அதை வாங்கித் தன் இரண்டு தொடைக்கு நடுவே, அந்தப் பழைய காயத்துக்கு நேராக, இடுக்கிக்கொண்டார். குறடு கடித்தது. ஒரு பிறைத் துண்டு கீழே விழுந்தது. இன்னொன்று. பிறகு அரம். கர், கர் என்று கீறல் தேய்ந்து தேய்ந்து ஒரு முடியளவு ஆயிற்று. ஆனாலும் லாடக்காரர் மூச்சு விடவில்லை என்பதை அக்கா கவனித்தார். மேனேஜரின் ஒரு காது மெல்லப் பின்னால் நகர ஆரம்பித்தது. முதலாளியம்மா கட்டிய கையை அவிழ்த்தார்.

"ஏங்க," என்றார் அக்கா, சாதாரணமாக, உப்பு எங்கே என்று கேட்கிற மாதிரி. "மூச்சு."

அவர் விட்டார். நீளமாக. அதே நேரத்தில், அதைக் கேட்டோ என்னவோ, மேனேஜரும் மூக்கு வழியாகப் பெரிய மூச்சு ஒன்று விட்டு, தலையைத் தாழ்த்தினார்.

டக்.

இரண்டு தலையும் திரும்பின. ஒன்று காப்பிக் கொட்டை நிறம், ஒன்று மீசையோடு. இரண்டும் அக்காவைப் பார்த்தன. ஒரு பக்கம் உதடு நீண்டது, இன்னொரு பக்கம் காலை விடாமலே ஒரு கை நீண்டது.

அக்கா வலது பையில் கை விட்டார். ஒரே ஒரு துண்டு. இடது பையில் கை விட்டார். அங்கே ஒன்றுமில்லை. முக்காலியைப் பார்த்தார். பொட்டலம் காலி, காகிதம் மட்டும் இருந்தது.

கேரட்டை மேனேஜர் வாங்கிக்கொண்டார்.

குளம்பு மெல்லத் தரையில் இறங்கியது. டாக்டர் வண்டிக் கதவைச் சாத்தினார். முதலாளியம்மா அருகில் வந்து, ஐந்து மாதத்துக்குப் பிறகு நேராக நின்ற அந்தக் காலைப் பார்த்து, "சரி, அடுத்த மாசம் வைக்கோல் கொஞ்சம் கூடவே போடச் சொல்றேன்," என்றார். அனுப்புவது பற்றி அதன்பிறகு பேச்சே இல்லை. மேனேஜர் இப்போது காலை பத்து மணி வகுப்பில் சின்னப் பிள்ளைகளைச் சுமந்து வட்டம் சுற்றுகிறார், அவருக்கே உரிய வேகத்தில்.

*

பாத்திர விஷயம் பாக்கி இருக்கிறது. சரிபார்க்கவென்றே அவர்கள் வீட்டுக்குப் போனேன். லாடக்காரர் தொட்டி முன் நின்று தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இது எப்பலேர்ந்து?" என்றேன்.

"கல்யாணம் ஆன மறுநாள்லேர்ந்து. இவ சமைச்சா நான் கழுவணும்னு பேச்சு. கம்பெனிக்குப் போனப்புறம் இவளுக்கு எப்பவும் ரெண்டாம் ஷிஃப்ட். வேற யார் கழுவுறது?"

இருபத்தெட்டு வருஷமாகக் கழுவியிருக்கிறார். கண்ணாடியும் அதே இடத்தில்தான் இருந்தது. ஆனால் சத்தமில்லாமல் ஒரு ஆண் பாத்திரம் கழுவினால் அது எங்கள் தெருவில் செய்தி ஆவதில்லை போல.

அக்கா எனக்கு ரொட்டியில் தடவித் தர ஒரு புது ஜாம் பாட்டிலைத் திறந்தார். மூடி டக்கென்றது. தொட்டிப் பக்கம் இருந்தவர் நுரையோடு திரும்பி, உள்ளங்கையை நீட்டிவிட்டு, நான் இருப்பது நினைவுக்கு வந்து, துண்டை எடுப்பது மாதிரி கையை மடக்கிக்கொண்டார். லாடக்காரரைப் பற்றிச் சலூன்காரர் சொன்னதில் 'பழக்கிட்டாங்க' என்பது மட்டும் உண்மை.

"பாருங்க, நீங்களே பாருங்க," என்றார் என்னிடம், மடக்கிய கையை மறுபடி விரித்து. "இவ எனக்கு பாக்கி வச்சிருக்கா. அந்த வியாழக்கிழமை டக்கு. எனக்குத்தான் அடிச்சா. மூச்சுன்னு சொன்னா, விட்டேன், அடிச்சா. இன்னிவரைக்கும் ரெண்டு கடலை வரல."

"அது மேனேஜருக்கு அடிச்சது," என்றார் அக்கா, ஜாம் தடவிக்கொண்டே.

"அப்ப என்னை எதுக்குப் பார்த்தே?"

"நீங்க பார்த்தீங்க, நானும் பார்த்தேன்."

"தப்பா வந்தாலும் தீனின்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?"

"உடனேன்னும் சொன்னாரு. இப்பக் கொடுத்தா நீங்க தட்டு கழுவினதுக்குன்னு நினைச்சுப்பீங்க. குழம்பிடும்."

"நான் குழம்ப மாட்டேன். நான் மனுஷன்."

"மேனேஜரும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருக்காரு."

"பொட்டலத்தை முன்னாடியே காலி பண்ணது யாருன்னும் சார்கிட்ட சொல்லுங்க," என்று அக்கா மறுபடி ஆரம்பித்தார்.

"அது பயத்துக்குச் சாப்பிட்டது. அது வேற, இது வேற."

டாக்டரிடம் போய்த் தீர்ப்புக் கேட்டிருக்கிறார்கள். தான் கால்நடை டாக்டர் என்று சொல்லி அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். முதலாளியம்மா சிரித்துவிட்டு விலகிக்கொண்டார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் ரொட்டியைக் கடித்தேன், வாய் நிறைய இருந்தால் நல்லது என்று.

அடுத்த குளம்பு வெட்டு வரும் வியாழக்கிழமை. அன்றைக்குக் கடலை இரண்டு பொட்டலம் வாங்கி வைத்திருப்பதாக அக்கா சொன்னார், கணவர் கைக்கு எட்டாத ஆணியில். ஆனால் அது அன்றைய டக்குகளுக்கு மட்டும்தானாம். பழைய டக்கு பழையதுதான், அதில் மாற்றமில்லை.

லாடக்காரர் கடைசித் தட்டைத் துடைத்துக் கவிழ்த்தார். நான் கிளம்பும்போது படி வரை வந்து, குரலைத் தாழ்த்தி, "எழுதினீங்கன்னா ரெண்டு கடலைன்னு எழுதுங்க," என்றார். "ஒண்ணுன்னு போட்டுடாதீங்க."